மலைக்குள் உறைமண்: எங்கே இருக்கும் என்று எப்படிக் கணிப்பது?

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறினால் சுமார் 1000 மீட்டர் உயரம் கூடும். வெப்பநிலை ஆறு டிகிரி போலக் குறையும். இந்தக் கணக்கை அப்படியே மேலே நீட்டிப் பார்த்தேன். பொட்டிபுரத்தின் ஆண்டு சராசரியை 27 டிகிரி என்று வைத்துக்கொண்டால், சராசரி பூஜ்ஜியத்தைத் தொட நம்ம மலை பொட்டிபுரத்துக்கு மேலே கிட்டத்தட்ட 4500 மீட்டர் உயர்ந்திருக்கணும். ஆனைமுடியே 2695 மீட்டர்தான். ஆக, இங்கே பெர்மாஃப்ராஸ்ட் கிடையாது. இமயமலையில் உண்டு.

குறைந்தது இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பூஜ்ஜியத்துக்கு மேல் போகாத மண்ணும் பாறையும்தான் பெர்மாஃப்ராஸ்ட். உறைமண் என்று சொல்லலாம். பனியாறு மாதிரி இது சாட்டிலைட் படத்தில் நேரடியாகத் தெரியாது. மேலடுக்கு கோடையில் இளகிவிடும். உறைந்த பகுதி அதற்குக் கீழே கிடக்கும். அதனால்தான் கணிக்க வேண்டியிருக்கிறது.

உயரம் மட்டும் போதாது. வடக்குப் பார்த்த சரிவில் வெயில் குறைவு. அங்கே உறைமண் இன்னும் தாழ்வாகவே தொடங்கும். பனிப்பொழிவு இதற்கு நேர்மாறாகக்கூட வேலை செய்யும்: தடித்த பனி கம்பளி மாதிரி, குளிர்காலக் குளிரை மண்ணுக்குள் விடாது. 1970களில் சுவிட்சர்லாந்தில் ஹேபர்லி இதையே கருவியாக்கினார். குளிர்காலக் கடைசியில், தடித்த பனியின் அடியில் வெப்பநிலை −3 டிகிரிக்குக் கீழே என்றால் உறைமண் இருக்க வாய்ப்பு அதிகம். −2க்கு மேலே என்றால் பெரும்பாலும் இல்லை. பனி குறைவான லடாக்கில் இந்த முறை எடுபடாது.

இன்னொரு தடயம் கல் பனியாறு. கல்லும் பனிக்கட்டியும் கலந்து நாக்கு மாதிரி மெல்ல நகரும் குவியல் இது. இது சாட்டிலைட்டில் தெரியும். நகர்கிறது என்றால் உள்ளே உறைவு இருக்கிறது. நகர்வது 1, செத்துப்போனது 0 என்று குறித்து, உயரம், திசை, வெயில் ஆகியவற்றைச் சேர்த்து லாஜிஸ்டிக் ரிக்ரஷன் ஓட்டினால் நிகழ்தகவு வரைபடம் கிடைக்கும். உத்தராகண்டுக்கு இப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் கல் பனியாறு தரும் விடையைச் செங்குத்துப் பாறைச் சுவருக்கு அப்படியே பொருத்த முடியாது. அங்கே கல்குவியலும் இல்லை, பனியும் தங்காது.

ஆபத்து அந்தச் சுவர்களில்தான். 2021 பிப்ரவரி 7 அன்று சமோலியில், ரோந்தி சிகரத்தின் வடக்குச் சரிவிலிருந்து சுமார் 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனிக்கட்டியும் பெயர்ந்தது. இரண்டு நீர்மின் திட்டங்கள் சிதைந்தன. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் 200 பேருக்கு மேல். உறைமண் இளகியதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் விரிசலுக்குள் பசைபோலப் பிடித்திருக்கும் பனிக்கட்டி சூடேறினால் பாறையின் பிடி தளரும். அணைக்கு இடம் குறிக்கும்போது கீழே ஓடும் ஆற்றோடு மேலே உள்ள சுவரையும் பார்க்கணும் என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.