சிவகாசி மண்ணில் விழுந்த விதை

சிவகாசி!

இந்தப் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வருவது என்ன? பட்டாசு. தீப்பெட்டி. வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டர்.

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்று வந்தார்கள். 1923-ம் ஆண்டில் இங்கே தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். ஊரின் தலையெழுத்து மாறியது. இது பலருக்கும் தெரிந்த கதை.

அதற்கு 65 ஆண்டுகளுக்கு முன்பு இதே ஊரில் ஒரு வெள்ளைக்காரர் உயிர் விட்டார். அவர் கலெக்டர் அல்ல. பட்டாளத்துக்காரர் அல்ல. வியாபாரியும் அல்ல.

அவர் பெயர் தாமஸ் ராக்லண்டு.

"நான் யார்? நான் எதற்காகப் பிறந்தேன்?" என்று மனிதன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் நாள் ஒன்று வரும். அந்தக் கேள்விக்கு ராக்லண்டு கண்ட விடைதான் அவரைச் சிவகாசிக்குக் கொண்டு வந்தது.

தாயும் இல்லை, தந்தையும் இல்லை

ராக்லண்டு 1815-ம் ஆண்டு பிறந்தார். சிறு வயதிலேயே தாயும் தந்தையும் இறந்து விட்டார்கள். இங்கிலாந்தில் லிவர்பூல் நகரில் உறவினர்கள் அவரை வளர்த்தார்கள்.

வாலிப வயதில், உறவினரின் வியாபார அலுவலகத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதினார்.

அந்த வேலையிலேயே இருந்திருந்தால் அவரும் ஒரு வியாபாரி ஆகியிருப்பார். ஆனால் அவருக்குப் படிக்க ஆசை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

1841-ம் ஆண்டு கணிதப் பரீட்சை நடந்தது. முதல் இடம் பெற்றவர் ஸ்டோக்ஸ். இன்றும் பௌதிகப் பாடத்தில் "ஸ்டோக்ஸ் விதி" என்று மாணவர்கள் படிக்கிறார்களே, அதே ஸ்டோக்ஸ்தான்.

அந்தப் பரீட்சையில் ராக்லண்டுக்கு நான்காவது இடம்!

அவருடைய கல்லூரியிலேயே அவருக்குக் கவுரவமான பதவி கிடைத்தது. அங்கேயே இருந்திருந்தால், கவலை இல்லாமல் காலத்தைக் கழித்திருக்கலாம்.

அவர் இருக்கவில்லை.

எது என் அடையாளம்?

அனாதை, கணக்குப்பிள்ளை, கணித மேதை. உலகம் அவருக்குக் கொடுத்த பெயர்கள் இவை.

கிறிஸ்தவ நம்பிக்கை வேறு ஒன்றைச் சொல்கிறது. மனிதன் கடவுளின் பிள்ளை. பிறப்பாலோ, படிப்பாலோ, பணத்தாலோ வருவது அல்ல அவனுடைய மதிப்பு. கடவுள் அவனை நேசிக்கிறார். அதனால் அவனுக்கு மதிப்பு உண்டு.

இதை நம்புகிறவன் இரண்டு தளைகளில் இருந்து விடுபடுகிறான். தாழ்ந்தவன் என்று யாராவது சொன்னால் குறுகிப் போகமாட்டான். உயர்ந்தவன் என்று யாராவது புகழ்ந்தால் தலைகால் தெரியாமல் ஆடவும் மாட்டான்.

ராக்லண்டு இதை நம்பினார். நம்பியதோடு நிற்கவில்லை. கல்லூரியை விட்டுக் கப்பல் ஏறினார். 1846-ம் ஆண்டில் சென்னைக்கு வந்து சேர்ந்தார்.

சென்னையில் அவருக்குக் கிடைத்தது சர்ச் மிஷனரி சங்கத்தின் செயலாளர் வேலை. கடிதம் எழுத வேண்டும். வரவு செலவு பார்க்க வேண்டும். லிவர்பூலில் பழகிய வேலைதான்! அதையும் முகம் சுளிக்காமல் செய்தார்.

கரிசல் காட்டில் கூடாரம்

அந்தக் காலத்தில் சிவகாசி, திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தது. சீமையின் தெற்கே பனங்காட்டுப் பகுதியில் ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். வடக்கே கரிசல் பூமியில் கிறிஸ்தவர்கள் மிகக் குறைவு.

"நான் அங்கே போகிறேன்" என்றார் ராக்லண்டு.

அவருடைய உடம்பு அதற்கு ஏற்றது அல்ல. நுரையீரல் பலவீனம். சிகிச்சைக்காக இங்கிலாந்துக்குத் திரும்ப நேர்ந்தது. அங்கேயே தங்கிவிட நல்ல சாக்கு அது. ஆனால் அவர் மறுபடியும் வந்தார். பென், மெடோஸ் என்ற இரண்டு வாலிபர்களும் உடன் வந்தார்கள்.

1854-ம் ஆண்டில் வேலை தொடங்கியது.

பங்களா கட்டவில்லை. கூடாரம் அடித்தார்கள். ஓர் ஊரில் சில நாள். பிறகு கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு அடுத்த ஊர். வெயிலிலும் புழுதியிலும் கிராமம் கிராமமாகப் போனார்கள்.

அனுப்பிய ஏழைகள்

இந்தக் கதையில் வெள்ளைக்காரர்கள் மட்டும் இல்லை. தமிழர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய பங்கு சிறியது அல்ல.

தெற்கே இருந்த சபைகளில் இருந்து உபதேசியார்கள் முறை வைத்து வடக்கே வந்தார்கள். வந்து உழைத்துவிட்டு ஊர் திரும்புவார்கள். அடுத்த முறைக்காரர் வருவார். அவர்களுக்கான செலவை அந்தச் சபை மக்களே கொடுத்தார்கள்.

அந்த மக்கள் யார்? பெரும்பாலோர் பனையேறிப் பிழைத்தவர்கள். "உங்களால் என்ன ஆகும்?" என்று உலகம் ஒதுக்கி வைத்தவர்கள். அவர்கள் கையேந்தி நிற்கவில்லை. பிறருக்குக் கொடுக்கிறவர்களாக மாறினார்கள். வாழ்க்கைக்கு நோக்கம் கிடைப்பது என்றால் இதுதான்.

சத்தியநாதன்

கூடார ஊழியத்தில் பாடுபட்ட தமிழர்களில் ஒருவர் வில்லியம் தாமஸ் சத்தியநாதன்.

அவர் இந்துக் குடும்பத்தில் பிறந்தவர். பாளையங்கோட்டைப் பள்ளியில் படித்தார். அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியர் குரூக்சாங்கு கண் தெரியாதவர். அந்தக் கண் தெரியாத ஆசிரியரிடம் படித்த மாணவர் புதிய வழியைக் கண்டு கிறிஸ்தவர் ஆனார்.

அந்தக் காலத்தில் மதம் மாறுவது சின்ன விஷயம் அல்ல. பெற்ற வீட்டின் கதவு அடைபடும். உற்றார் முகம் கொடுக்கமாட்டார்கள். "இனி நான் யாருடைய பிள்ளை?" என்ற கேள்வி இரவும் பகலும் குடையும்.

சத்தியநாதன் அந்தக் கேள்விக்கு உழைப்பால் விடை சொன்னார். கரிசல் காட்டு ஊழியத்துக்குப் பிறகு சென்னைக்குப் போனார். சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்தின் குருவாகப் பல ஆண்டுகள் பணி செய்தார்.

அவருடைய மனைவி அன்னாள், பெண்கள் படிக்கப் பள்ளிகள் நடத்தினார். குழந்தை வளர்ப்பைப் பற்றி "நல்ல தாய்" என்ற புத்தகம் எழுதினார். மருமகள் கிருபாபாய், நாவல்கள் எழுதிப் புகழ் பெற்றார்.

ஒரு கதவு அடைத்தது. எத்தனை கதவுகள் திறந்தன!

43 வயதில்

1858-ம் ஆண்டு அக்டோபர் 22-ந் தேதி. ராக்லண்டு சிவகாசியில் இருந்தார். நண்பர் பென் உடன் இருந்தார்.

திடீர் என்று ராக்லண்டின் வாயில் இருந்து ரத்தம் வந்தது. சிறிது நேரத்தில் எல்லாம் முடிந்து விட்டது. அப்போது அவருக்கு வயது 43.

கேம்பிரிட்ஜில் பெரிய பேராசிரியராகி இருக்க வேண்டியவர், கரிசல் மண்ணில் அடக்கம் ஆனார்.

"இத்தனை படிப்பும் வீணாய்ப் போயிற்றே!" என்று யாருக்கும் தோன்றும். கூடாரம் அடித்து நாலே ஆண்டுகள். பெரிய கூட்டம் எதுவும் அவர் பின்னால் திரளவில்லை.

ஆனால் விதை மண்ணுக்குள் மறைந்தால்தான் பயிர் வரும் என்பது இயேசுவின் போதனை. ராக்லண்டு தம் வாழ்க்கைக்கு வழியாகப் பிடித்துக்கொண்டதும் அந்தப் போதனையைத்தான். அறுவடையைப் பார்க்க வேண்டும் என்று விதை கேட்பது இல்லை.

பின்னாளில் இந்தப் பகுதியில் சபைகளும் பள்ளிகளும் வளர்ந்தன. டோனாவூரில் அனாதைக் குழந்தைகளுக்கு அடைக்கலம் கொடுத்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், ராக்லண்டின் வரலாற்றைப் புத்தகமாக எழுதினார். தாய் தந்தை இல்லாமல் வளர்ந்தவரின் கதையை, தாய் தந்தை இல்லாத பிள்ளைகளின் "அம்மா" எழுதினார்!

உங்கள் வீட்டிலும்

இன்று எத்தனையோ வீடுகளில் இந்தக் கேள்வி இருக்கிறது. பரீட்சையில் தவறிய பையன், "நான் எதற்கும் லாயக்கு இல்லை" என்று மூலையில் உட்காருகிறான். வேலை போன தகப்பன் வெளியே தலை காட்டக் கூசுகிறான். "பட்டாசு ஆலைக் கூலி" என்று யாரோ அலட்சியமாகச் சொன்னதைக் கேட்டு ஒரு பெண் மனம் நொந்து போகிறாள்.

மார்க்கும், சம்பளமும், பிறர் பேசும் பேச்சும் மட்டுமே மனிதன் அல்ல. ராக்லண்டு பெரிய மார்க்கு வாங்கியவர். அதை வைத்து அவர் தம்மை எடை போடவில்லை. பனையேறிகள் மார்க்கே வாங்காதவர்கள். அதனால் அவர்கள் தங்களைக் குறைத்து எண்ணவும் இல்லை.

"நான் யார்?" என்று கேட்டு விடை தெரியாமல் தவிக்கிறவர்கள், "நான் யாருக்குப் பயன்படுகிறேன்?" என்றும் கேட்டுப் பார்க்கட்டும். இரண்டாவது கேள்விக்கு விடை கிடைத்தால், முதல் கேள்விக்கும் வழி பிறக்கும்.