வெட்டாத சாவியும் நிப்பா கிருமியும்

நிப்பா என்றதும் நம்மில் பலருக்கு 1998, 1999-ஆம் ஆண்டுச் செய்திகள்தான் நினைவுக்கு வரும். ஈப்போ வட்டாரத்தில் தொடங்கி நெகிரி செம்பிலானுக்குப் பரவிய மூளைக்காய்ச்சல், அழிக்கப்பட்ட 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள், 105 உயிரிழப்புகள். கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணி முதலில் கொசுமருந்து அடித்தார்கள். 1999 மார்ச்சில்தான் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் இந்தப் புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார்.

உயிர்வேதியியல் படித்தவன் என்பதால், அது நம் உயிரணுவுக்குள் நுழையும் விதம்தான் எனக்கு வியப்பு. கிருமியின் மேலுறையில் இரண்டு புரதங்கள் உள்ளன. 'ஜி' உயிரணுவைப் பற்றிக்கொள்ளும். 'எஃப்' கிருமியின் உறையையும் உயிரணுவின் சவ்வையும் இணைத்து வழி திறக்கும். ஆனால், புதிதாக உருவாகும் எஃப், சாவிக் கடையில் தொங்கும் வெட்டாத சாவியைப் போன்றது. எந்தக் கதவையும் திறக்காது. சரியான ஓரிடத்தில் அதை வெட்டவேண்டும். அதற்கான கத்தரி கிருமியிடம் இல்லை, நம்மிடம் இருக்கிறது.

நோய் தொற்றிய உயிரணு எஃப் புரதத்தைத் தயாரித்து மேற்பரப்புக்கு அனுப்புகிறது. அங்கிருந்து அது மீண்டும் உள்ளே இழுக்கப்பட்டு, அமிலத்தன்மை கொண்ட சிறு பைகளுக்குள் வருகிறது. அங்கே 'கத்தெப்சின் எல்' என்ற நொதி, அதாவது என்சைம், காத்திருக்கிறது. பழைய புரதங்களைத் துண்டாக்குவது அதன் அன்றாட வேலை. எஃப்பையும் இரண்டாக வெட்டுகிறது. துண்டுகள் பிரிந்துவிடாமல் ஒரு கந்தகப் பிணைப்பு பிடித்துக்கொள்ள, எஃப் மறுபடியும் மேற்பரப்புக்குப் போய்ப் புதிய கிருமிகளில் ஏறிக்கொள்கிறது. சாமர்த்தியமான திருட்டு என்றுதான் சொல்வேன்!

எந்தக் கத்தரி என்பதைப் பொறுத்து நோயின் கடுமையும் மாறலாம். சாதாரணப் பறவைக் காய்ச்சல் கிருமியின் புரதத்தை வெட்டும் நொதிகள் கோழியின் சுவாசப்பாதையிலும் குடலிலும்தான் உண்டு. 2004-இல் கிளந்தானைத் தாக்கிய எச்5என்1 வகையில், வெட்டுமிடத்தில் சில அமினோ அமிலங்கள் கூடுதல். அதனால் ஏறக்குறைய எல்லா உறுப்புகளிலும் உள்ள 'ஃபியூரின்' நொதியே அதை வெட்டிவிடும்; கிருமி உடல் முழுதும் பரவும்.

அப்படியானால் கத்தரியைப் பிடுங்கிவிடலாமே? ஆய்வுக்கூட உயிரணுக்களில் கத்தெப்சினைத் தடுத்தால் எஃப் வெட்டுப்படுவது குறைகிறது. ஆனால், பிறவியிலேயே அந்த நொதி இல்லாத எலிகளுக்கு முடி உதிர்கிறது, இதயத்தசை பழுதாகிறது. நம் நொதியை விட்டுவிட்டு, கிருமியின் ஜி புரதத்தை மறிக்கும் எதிர்ப்பொருள்களையும் ஆய்வாளர்கள் சோதித்து வருகிறார்கள்.