ஐம்பதைத் தாண்டிய நாங்களும் டொச் மொழியும்

சுவிஸில் எங்கள் வயதுக்காரரிடம் டொச் படிப்பதைப் பற்றிக் கேட்டால், பலரிடமிருந்து ஒரே பதில்தான் வரும்: "இனி இந்த வயதில என்னத்தைப் படிக்கிறது? பிள்ளையள் பார்த்துக்கொள்ளுவினம்." ஊரில் வணிகவியல் படித்துப் பேரேடும் ஐந்தொகையும் எழுதிய நாங்கள்கூட, இங்கே ஒரு கடிதம் வந்தால் அதைப் பத்து வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். இந்தப் பழக்கம் எங்களுக்கும் பிள்ளைக்கும் நல்லதல்ல. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் பிள்ளையின் மொழி. சூரிச்சிலும் பேர்ணிலும் பிள்ளைகள் விளையாட்டு மைதானத்தில் பழகுவது சுவிஸ் டொச். அது பேச்சுமொழி, ஊருக்கு ஊர் மாறும். சட்டமும் பத்திரிகையும் அலுவலகக் கடிதமும் எழுதப்படுவது ஹோஹ்டொச் என்ற எழுத்துமொழியில். 'நான் இருந்தேன்' என்பது எழுத்தில் 'இஹ் பின் கெவேஸன்'; பேர்ண் மக்களின் வாயில் 'இ பி க்ஸி'. இந்த இடைவெளி தமிழருக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணப் பேச்சுத்தமிழைச் சரளமாகக் கதைக்கும் பிள்ளையிடம் ஒரு காணி உறுதியைக் கொடுத்து விளங்கப்படுத்தச் சொன்னால் அது விழிக்கும். ட்ராமில் பிள்ளை கதைக்கும் வேகத்தைக் கண்டு, அலுவலகக் கடிதமும் அதற்கு விளங்கும் என்று நாங்கள் நம்பிவிடுகிறோம்.

அந்தக் கடிதங்களில் என்ன இருக்கிறது? 'றெஹ்னுங்' என்றால் கட்டவேண்டிய பில். கட்டாவிட்டால் 'மானுங்' என்ற நினைவூட்டல் வரும். அதன் பிறகு 'பெட்ரைபுங்' எனப்படும் கடன் அறவிடும் நடைமுறை தொடங்கலாம். இவர் எனக்குப் பணம் தரவேண்டும் என்று ஒருவர் விண்ணப்பித்தால், அந்தக் கடன் உண்மையா என்று ஆராயாமலே அலுவலகம் 'சாலுங்ஸ்பெஃபேல்' என்ற கட்டளையை அனுப்பும். அதை மறுக்க எங்களுக்கு 10 நாட்கள் உண்டு. 'றெஹ்ட்ஸ்ஃபோர்ஷ்லாக்', அதாவது எதிர்ப்பு, என்று தெரிவித்தால் போதும். காரணம் சொல்லத் தேவையில்லை. மறுக்காமல் விட்டால், 20 நாட்களின் பின் எங்கள் சம்பளத்தில் பிடிக்கும்படி எதிர்த்தரப்பு கேட்கலாம். வீடு வாடகைக்குக் கேட்கும்போது வீட்டுக்காரர் பார்ப்பதும் இந்தக் கடன் பதிவேட்டைத்தான். குடியுரிமை விண்ணப்பத்துக்கும் அது இடையூறாகும்.

பத்து வயதுப் பிள்ளைக்கு 'பெஃபேல்' என்றால் கட்டளை என்று தெரிந்திருக்கலாம். பத்து நாள் தவணையின் பாரம் விளங்காது. விளங்கினால் அது இன்னும் மோசம். அன்றிரவு பிள்ளை நித்திரை கொள்ளாது.

ஆகவே நாங்கள்தான் படிக்கவேண்டும். எங்களில் பலர் ஆங்கிலத்தின் ஊடாக டொச்சுக்குள் நுழையப் பார்க்கிறோம். தமிழின் ஊடாக நுழைந்தால் சில இடங்களில் வழி சுலபம். 'எனக்குக் குளிருது' என்பதை டொச்சிலும் 'மியர் இஸ்ட் கால்ட்' என்றுதான் சொல்வார்கள். 'மியர்' என்பது எங்கள் 'எனக்கு'. பள்ளியில் படித்த நான்காம் வேற்றுமை. 'டூ' நீ, 'ஸீ' நீங்கள். யாரிடம் எதைச் சொல்வது என்று எங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 'நீங்கள் கட்டாவிட்டால்' போன்ற துணைவாக்கியங்களில் வினைச்சொல் தமிழைப்போலவே கடைசியில் வரும். வாக்கியத்தை முடிவுவரை வாசிக்கும் பழக்கம் எங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது.

கடினமானவையும் உண்டு. சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஹன்' டொச்சில் அஃறிணை போல நடத்தப்படும். 'டீ ஸ்டொயர்' என்றால் வரி. 'டாஸ் ஸ்டொயர்' என்றால் வாகனத்தின் சுக்கான். இதற்குத் தர்க்கம் தேடிப் பயனில்லை. ஒரு கொப்பியில் டெயர், டீ, டாஸ் என்று மூன்று நிரல் கீறி, புதுச்சொல் ஒவ்வொன்றையும் அதற்குரிய நிரலில் பதிந்துவரலாம். பேரேடு எழுதிய கைக்கு அது பழகிய வேலை. எண்களில் கவனம் தேவை. 54 என்பதை 'நாலும் ஐம்பதும்' என்று சொல்வார்கள். கேட்கக் கேட்க எழுதினால் கை 45 என்று பதிந்துவிடும். முழுவதையும் கேட்டபின் எழுதுவதே பாதுகாப்பு.

குடியுரிமைக்கு 2018 முதல் பேச்சில் பி1, எழுத்தில் ஏ2 என்பது நாடு முழுவதற்குமான குறைந்தபட்ச அளவு. சில கன்ரோன்கள் கூடுதலாகவும் கேட்கலாம். ஆனால் பரீட்சைத் திகதிவரை காத்திருக்கத் தேவையில்லை. தபால்பெட்டியில் வரும் கடிதமே பாடப்புத்தகம். முதலில் திகதி, பிறகு தொகை, பிறகு 'ஃபிறிஸ்ட்' என்ற தவணை, கடைசியில் வினைச்சொல். இந்த நான்கும் பிடிபட்டால் கடிதத்தின் பாதி விளங்கிவிடும். மீதியைத் தொலைபேசியில் கேட்கலாம். எதிர்முனையில் சுவிஸ் டொச்சில் தொடங்கினால், 'ஹோஹ்டொச், பிற்றே' என்று தயங்காமல் சொல்லுங்கள். பெரும்பாலும் மாற்றிக் கதைப்பார்கள்.

பிள்ளையிடம் உச்சரிப்பைக் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம். அம்மா அப்பாவுக்குப் படிப்பிப்பதில் அதற்கும் ஒரு பெருமை. கடிதத்துக்குப் பதில் எழுதும் வேலை எங்களோடு இருக்கட்டும்.