கோடு அவருடையது, பூ இவருடையது

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள சிசிங்ஹர்ஸ்ட் கோட்டையை எழுத்தாளர் வீட்டா சாக்வில்-வெஸ்ட் 1930-இல் 12,375 பவுண்டுக்கு வாங்கினார். அப்போது அங்கே தோட்டம் என்று ஒன்று இல்லை. ஓங்கிய செங்கல் கோபுரம், சிதைந்த சுவர்கள், எங்கும் குப்பை. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் போர்க்கைதிகளை அடைத்து வைத்திருந்த இடம் அது. வீட்டா பிறந்து வளர்ந்ததோ நோல் என்ற பிரம்மாண்ட மாளிகையில். 1928-இல் தந்தை இறந்ததும், பெண் என்பதால் அவருக்குக் கிடைக்காமல், அது சித்தப்பாவுக்குப் போய்விட்டது. அந்த வலிதான் இந்தப் பாழ்நிலத்தின் மேல் அவருக்கு இத்தனை பிடிப்பை உண்டாக்கியது என்று நினைக்கிறேன்.

கணவர் ஹரால்ட் நிக்கல்சன் வெளியுறவுப் பணியை விட்டு வந்தவர். தோட்டத்தின் அமைப்பை வரைந்தவர் அவர். நடவு வீட்டாவின் பொறுப்பு. பழைய சுவர்கள் கோணல்மாணலாக நின்றன. அது கண்ணில் படாதபடி ஹரால்ட் யூ மரங்களை உயிர்வேலியாக வளர்த்து, நிலத்தை அறை அறையாகப் பிரித்தார். ஓர் அறையில் நிற்பவருக்கு அடுத்த அறை தெரியாது. நீண்ட பாதையின் கோடியில் ஒரு சிலை மட்டும் தெரியும். கால்கள் தாமாக அங்கே நடக்கும். இந்தக் கறாரான கட்டங்களுக்குள் வீட்டா பழைய ரோஜா வகைகளை நெருக்கி நட்டார், கொடிகளைச் சுவரேற விட்டார்.

இங்கே உலகப் புகழ் பெற்றது வெள்ளைத் தோட்டம். 1950-ஐ ஒட்டி உருவானது. வெள்ளைப் பூக்களும் சாம்பல் இலைகளும்தான் அதில் பிரதானம். அந்தியில் பார்ப்பதற்கென்றே வீட்டா இதைக் கற்பனை செய்தார். வெளிச்சம் குறையும்போது, நிறத்தை அறியும் கூம்பு செல்கள் நம் கண்ணில் ஓய்ந்து, கோல் செல்கள் வேலையை எடுத்துக்கொள்கின்றன. கோல் செல்களுக்குச் சிவப்பு அநேகமாகத் தெரியாது. சிவப்பு ரோஜா சீக்கிரமே கறுத்துவிடும். வெள்ளை இதழில் செல்களுக்கிடையே காற்று நிறைந்த நுண்ணிய இடைவெளிகள் இருக்கின்றன. அவை ஒளியைச் சிதறடித்துத் திருப்பி அனுப்புவதால் பூ இருட்டும்வரை துலங்குகிறது. சாம்பல் இலைகளிலும் இதே வேலைதான்: ஸ்டேக்கிஸ் என்ற செடியின் இலையை அருகில் வைத்துப் பார்த்தால், பச்சையை மூடியபடி வெண்ணிற ரோமம் அடர்ந்திருக்கும்.

1938-இல் தோட்டம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கட்டணம் ஒரு ஷில்லிங். 1946 முதல் 1961 வரை ‘அப்சர்வர்’ வார இதழில் வீட்டா எழுதிய தோட்டப் பத்தி, வீட்டுப் பின்புறத்தில் நாலு செடி வைத்திருந்தவர்களுக்கும் தைரியம் கொடுத்தது. அவர் 1962-இல் காலமானார், ஹரால்ட் 1968-இல். இடையில், 1967-இல், தோட்டம் நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பின் கைக்கு வந்தது. அது வாடாமல் நிலைத்ததில் பெரும்பங்கு, வீட்டா 1959-இல் வேலைக்கு அமர்த்திய பமீலா ஷ்வெர்ட், சிபில் க்ராய்ட்ஸ்பெர்கர் என்ற இரு தலைமைத் தோட்டக்காரர்களுடையது. 1990 வரை இருவரும் அங்கேயே பணியாற்றினார்கள்.