'உடம்பு நல்லாயிட்டு' என்று நிறுத்தினால் ஆபத்து! எச்.ஐ.வி. மாத்திரை செய்யும் வேலை என்ன?

நாகர்கோவில், டிச. 1-

இன்று உலக எய்ட்ஸ் தினம். எச்.ஐ.வி. என்றாலே மரணம்தான் என்று பயந்த காலம் மலையேறி விட்டது. தினம் ஒரு மாத்திரை போட்டால் மற்றவர்களைப் போல வேலை பார்த்து, பிள்ளைகளை வளர்த்து, நீண்ட நாள் வாழலாம். ஆனால் 'உடம்பு நல்லாயிட்டு, இனி மருந்து எதுக்கு?' என்று பாதியில் நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து.

சென்னையில் தொடங்கிய கதை

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986ம் ஆண்டு சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினரால் கண்டுபிடிக்கப்பட்டது. அப்போது இதற்கு மருந்தே கிடையாது. 1996ல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்து சிகிச்சை வந்தது. விலையோ ஏழைகளுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. 2004 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசு இலவசமாக வழங்கத் தொடங்கியது. தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரி முதலில் தொடங்கிய மையங்களில் ஒன்று. குமரி மாவட்டத்தில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி ஏ.ஆர்.டி. மையத்தில் இந்த மருந்து இலவசமாகக் கிடைக்கிறது.

மாத்திரை என்ன செய்கிறது?

எச்.ஐ.வி. கிருமி நோய் எதிர்ப்பு சக்தி தரும் சி.டி.4 வெள்ளை அணுக்களுக்குள் புகுந்து பெருகும். இப்போது பெரும்பாலானோருக்கு டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் ஆகிய மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை தரப்படுகிறது. இது கிருமி பெருகுவதைத் தடுக்கிறது. அணுக்கள் மெல்ல மெல்ல கூடும்.

ஆனால் கிருமி அடியோடு ஒழிவதில்லை. சில அணுக்களுக்குள் பதுங்கிக் கிடக்கும். மாத்திரையை விட்டால் சில வாரங்களிலேயே மீண்டும் தலைதூக்கும். விட்டு விட்டுப் போட்டால் மருந்துக்கே அடங்காத கிருமியாக மாறிவிடும். பிறகு வேறு மருந்துக்கு மாற வேண்டி வரும்.

கடலுக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் கரை திரும்ப முடியாது. ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் விடியும் முன்பே கிளம்பி விடுவார்கள். இப்படிப்பட்டவர்கள் தங்களுக்கு வசதியான ஒரு நேரத்தை முடிவு செய்து தினமும் அதே நேரத்தில் போட வேண்டும். வெளியூர், கடல் பயணம் என்றால் முன்கூட்டியே மையத்தில் சொல்லி, மாத்திரை தீராமல் பார்த்துக் கொள்ள வேண்டும். ஒருவேளை மறந்தால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்த்துப் போடக்கூடாது.

சத்து மாத்திரை (இரும்பு, கால்சியம்), வயிற்றுப் புண் மருந்து சாப்பிடுகிறவர்களும், டி.பி. சிகிச்சையில் இருப்பவர்களும் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். அதற்காகத் தாமாக நிறுத்தாமல் மையத்தில் கேட்க வேண்டும்.

மற்றவர்களுக்கு பரவுமா?

மருந்தை ஒழுங்காகப் போட்டு, ரத்தத்தில் கிருமி பரிசோதனையில் தெரியாத அளவுக்கு குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவு மூலம் துணைக்குப் பரவாது. இதை வைரல் லோடு பரிசோதனை காட்டிக் கொடுக்கும். சிகிச்சை இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவ 15 முதல் 45 சதவீதம் வரை வாய்ப்பு உண்டு. சிகிச்சை எடுத்தால் அது 5 சதவீதத்துக்கும் கீழே போய்விடும்.

'யாராவது பாத்துட்டா?'

மையத்துக்குப் போனால் தெரிந்தவர்கள் பார்த்து விடுவார்களோ என்ற பயத்தில் மருந்தை விடுகிறவர்களும் உண்டு. 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டப்படி, ஒருவருடைய சம்மதம் இல்லாமல் அவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை வெளியே சொல்லக்கூடாது. இதைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்குவதற்கும் தடை உள்ளது.

சந்தேகம் உள்ளவர்கள் அரசு ஆஸ்பத்திரிகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் இலவசமாகப் பரிசோதிக்கலாம். 1097 என்ற இலவச எண்ணிலும் பேசலாம். பாதியில் மருந்தை விட்டவர்களும் தயங்காமல் திரும்பிப் போகலாம் என்பது குறிப்பிடத்தக்கது.