காற்றாலை வரட்டும், கூடவே கட்டுப்பாடும் வரட்டும்

அந்தமானுக்கு மின்சாரம் கடலடிக் கம்பியில் வருவதில்லை. கப்பலில் டீசலாக வருகிறது. தமிழ்நாட்டில் ஆரல்வாய்மொழிக் காற்றாலைப் பகுதியில் காற்று அடங்கினால் நெய்வேலி அனல்மின் நிலையமும் கூடங்குளம் அணுமின் நிலையமும் கைகொடுக்கும். போர்ட் பிளேருக்கு (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) அந்த வசதி கிடையாது. திக்லிப்பூர் பக்கம் கல்பாங்கில் 5.25 மெகாவாட் நீர்மின் நிலையம் ஒன்று உண்டு. மற்றபடி பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டர்கள்தான்.

2020-இல் நம் நெய்வேலி என்எல்சி நிறுவனம் அந்தமானில் 20 மெகாவாட் சூரிய மின்நிலையத்தை முடித்தது. கூடவே 8 மெகாவாட்-மணி பேட்டரி. கணக்குப் போட்டால் முழுத் திறனுக்கு அது 24 நிமிடம்தான் தாங்கும். இரவுக்கு உதவாத பேட்டரி எதற்கு? மேகம் மறைத்ததும் உற்பத்தி சட்டென்று விழும். டீசல் இயந்திரம் சுதாரித்து ஈடுகட்டும்வரை பேட்டரி தாங்கிப் பிடிக்கும். சின்ன கிரிட்டில் அந்தச் சில நிமிடங்கள்தான் உயிர்.

மழைக்காலத்தில் வெயில் குறையும், தென்மேற்குக் காற்று வீசும். ஆகவே காற்றாலையும் வேண்டும் என்று கேட்பது நியாயம்தான், தமிழ்நாட்டின் முப்பந்தல் காற்றாலைப் பகுதி அளவுக்குக் காற்று கிடைக்காது என்றாலும். சிக்கல் நள்ளிரவில் வரும். ஊர் தூங்குகிறது, தேவை இறங்குகிறது, காற்றோ அடிக்கிறது. டீசல் இயந்திரத்தை ஒரு அளவுக்குக் கீழே ஓட்டினால் எரிபொருள் சரியாக எரியாமல் இயந்திரம் கெடும். அதை நிறுத்தவும் முடியாது. 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான். கடைக்கோடி ஃபீடரில் (விநியோகக் கம்பியில்) காற்றாலை இணைந்திருந்தால் வோல்டேஜும் ஏறும். அப்போது காற்றாலைதான் உற்பத்தியைக் குறைத்தாக வேண்டும். தமிழ்நாட்டுக் காற்றாலைக்காரர்களுக்கு இப்படிக் குறைக்கச் சொல்லும் ‘பேக் டவுன்’ என்றாலே வயிறு எரியும்.

ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகள் 2009-இல் இதற்கு ஒரு வழி கண்டன. அங்கிருந்து பெருநிலத்துக்குப் போகும் கடலடிக் கேபிள்கள் நிரம்பிவிட்டன. புதிய கேபிளுக்குக் காத்திராமல், நெரிசல் வந்தால் குறைத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டவர்களுக்கு இணைப்பு தந்தார்கள். கணினி கம்பிச் சுமையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். எல்லை மீறினால் கடைசியாக வந்தவர் முதலில் குறைக்க வேண்டும். நிறையக் காற்றாலைகள் இணைந்தன. பின்னால் வந்தவர்களுக்கு இழப்பும் நேர்ந்தது.

ஆர்க்னிக்கு அந்தக் கேபிளாவது இருந்தது. அந்தமானுக்கு அதுவும் இல்லை. எனவே அங்கே காற்றாலைக்கு டெண்டர் விடுவதற்கு முன்பே மூன்று விஷயங்களை எழுதிவைக்க வேண்டும்: எந்த அளவில் குறைப்பது, யார் முதலில் குறைப்பது, அந்த நட்டம் யார் தலையில். தமிழ்நாட்டில் இவற்றைக் காற்றாலைகள் வந்த பிறகுதான் பேச ஆரம்பித்தோம். மின்துறை நிர்வாகம் தீவில் அதே தாமதத்தைச் செய்யக் கூடாது.