நோயுற்றவரோடு ஏரிக்கரைக் குடிலில் இரண்டு நாள்கள்

நீண்ட சிகிச்சை முடிந்து மறுபரிசோதனைக்கு வருவோர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, “இனி எங்காவது வெளியூர் போய் வரலாமா?” என்பது. கேட்பவர் பெரும்பாலும் நோயாளி. தயங்குபவர் உடன் வந்த மகளோ கணவரோ ஆவார். இருவர் பக்கமும் நியாயம் உண்டு. மாதக்கணக்கில் படுக்கையையும் மருந்துப் பெட்டியையுமே பார்த்திருந்தவரின் மனம் ஒரு மாற்றத்தை நாடுவது இயல்பு. அவரைக் கண்ணும் கருத்துமாகக் காத்து வந்தவர் அஞ்சுவதும் இயல்பே. முறையாகத் திட்டமிட்டால் பலரும் சென்று வரலாம் என்பதே எங்கள் விடை. நம் மக்கள் பெரிதும் விரும்பும் கொடைக்கானல் ஏரிக்கரையை எடுத்துக்காட்டாகக் கொண்டு அத்திட்டத்தை இங்கே விளக்குகிறோம்.

முதலில் மருத்துவரின் இசைவைப் பெற வேண்டும். அண்மையில் மாரடைப்பு ஏற்பட்டவர்கள், பெரிய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், ஓய்வாக அமர்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறுபவர்கள் ஆகியோர் பயணத்தை ஒத்திவைப்பதே நல்லது. புற்றுநோய்க்கான மருந்தேற்றத்திற்குப் பின் பெரும்பாலும் 7 முதல் 14 நாள்களுக்குள் வெள்ளணுக்கள் மிகவும் குறையும். அந்நாள்களைத் தவிர்க்க வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்வோர் ஒரு முறையையும் தவறவிடாமல், இரண்டு முறைகளுக்கு இடைப்பட்ட நாளில் மட்டுமே பயணத்தை அமைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து உயரத்தைக் கருத வேண்டும். 1863ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்ட கொடைக்கானல் ஏரி, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரை ஊர்களில் கிடைப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. உடல்நலம் உள்ளவர் இதை உணர்வதில்லை. நுரையீரல் நோயோ இதய பலவீனமோ உள்ளவருக்குச் சில படிகள் ஏறுவதற்குள்ளேயே அது தெரிந்துவிடும். இத்தகையோருக்கு ஏற்காடு பொருத்தமாக இருக்கலாம். அங்கும் ஏரி உண்டு. உயரம் சுமார் 1,500 மீட்டர்தான். சேலம் நகரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலேயே இருக்கிறது.

குடிலைத் தேர்ந்தெடுக்கும்போது பலரும் முதலில் கேட்பது, “சன்னலைத் திறந்தால் ஏரி தெரியுமா?” என்பதே. நோயாளியை உடன் அழைத்துச் செல்வோர் அதற்கு முன் கேட்க வேண்டியது, “இரவு இரண்டு மணிக்கு உடல்நிலை மோசமானால் எவ்வளவு நேரத்தில் மருத்துவமனையை அடையலாம்?” என்பதாகும். கொடைக்கானலில் அரசு மருத்துவமனை இருக்கிறது. உயர் சிகிச்சைக்கு மலையிறங்கித்தான் ஆக வேண்டும். மதுரை சுமார் 120 கிலோமீட்டர் தொலைவு. ஆகையால் ஊரைவிட்டு வெகுதொலைவில், காட்டை ஒட்டிய தனிக்குடில் எவ்வளவு அழகாயினும் அதனைத் தவிர்த்து, ஏரிக்கும் கடைவீதிக்கும் அருகிலேயே தங்குங்கள். ஏப்ரல், மே மாதங்களிலும் வார இறுதிகளிலும் மலைப்பாதையில் வாகனங்கள் நெடுநேரம் தேங்கி நிற்கும். அந்நெரிசலில் ஆம்புலன்சும் சிக்கிக்கொள்ளக்கூடும். பிப்ரவரி, மார்ச் மாதங்களின் வார நாள்களே உகந்தவை.

முன்பதிவு செய்வதற்கு முன் குடில் பொறுப்பாளரிடம் தொலைபேசியில் கேட்க வேண்டியவை இன்னும் சில உண்டு. வாகனம் வாசல் வரை வருமா? வாசலுக்கு எத்தனை படிகள்? மலைச்சரிவில் கட்டப்பட்ட காட்டேஜ்கள் பலவற்றில் இருபது முப்பது படிகள் இருப்பது வழக்கம். கட்டிலுக்கும் கழிவறைக்கும் எவ்வளவு தூரம்? கழிவறை நாற்காலி வகையா? மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் உண்டா? கைப்பேசித் தொடர்பு கிடைக்குமா? வாய்ச்சொல்லோடு விட்டுவிடாமல் படிகளையும் கழிவறையையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கொடைக்கானல் செல்லும் வாகனங்களுக்கு 2024 மே மாதம் முதல் இ-பாஸ் தேவைப்படுகிறது. அதையும் முன்கூட்டியே பெற்றுக்கொள்ளுங்கள்.

மருந்துகளைத் தேவைக்கு மேல் மூன்று நாள்களுக்குச் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே பையில் வைக்காமல், ஒரு பகுதியை மற்றொருவர் கைப்பையில் வைப்பது நன்று. மருத்துவமனை தந்த சிகிச்சைச் சுருக்கத்தின் நகல் ஒன்று கட்டாயம் உடனிருக்கட்டும். பயன்பாட்டில் உள்ள இன்சுலின் குளிர்ந்த மலையூரில் எளிதில் கெடாது. ஆனால் வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டாலும், பனிக்கட்டியோடு நேரடியாகப் படும்படி வைத்தாலும் அது வீரியம் இழந்துவிடும். சிறுநீர் அடிக்கடி வருமே என்று அஞ்சி, வழியில் அதற்கான மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடுவோர் உண்டு. அவ்வாறு செய்யாமல், எந்த நேரத்தில் உட்கொள்ளலாம் என்று மருத்துவரைக் கேளுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டல் வராதிருக்க, குறைவாக உண்டு முன்னிருக்கையில் அமரச் செய்யுங்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை வண்டியை நிறுத்திச் சிறிது நடக்கச் செய்தால் கால்களில் இரத்தம் உறைவதைத் தவிர்க்கலாம். ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குக் கொடைக்கானலில் தடை இருப்பதால், குடிநீரை எவர்சில்வர் புட்டிகளில் கொண்டு செல்லுங்கள்.

இரவுக் குளிரைப் பற்றித் தனியே எச்சரிக்க விரும்புகிறோம். குளிர் தாங்காமல் கரியடுப்பையோ, வெளியே இறைச்சி சுட்ட கணப்பையோ அறைக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்தி உறங்குவது உயிருக்கே ஆபத்து. எரியும் கரியிலிருந்து வெளிப்படும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறக்கத்திலேயே அது உயிரைப் பறித்துவிடும். மலை விடுதிகளில் இவ்வாறு உயிரிழந்தோர் உண்டு. காற்றோட்டமற்ற குளியலறையில் உள்ள கேஸ் கீசரும் இதே தீங்கை விளைவிக்கலாம். குளிருக்குக் கம்பளியும் காலுறையும் குல்லாயுமே போதும். நீண்டகால நீரிழிவால் பாதங்களில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெந்நீர்ப் பையைக் காலில் வைக்கக் கூடாது. தோல் வெந்துபோவதே அவர்களுக்குத் தெரியாது.

ஏரியைச் சுற்றிச் செல்லும் சாலையின் நீளம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். அதை முழுவதும் நடந்தே தீர வேண்டும் என்பதில்லை. முதல் நாள் ஓய்வெடுத்து, மறுநாள் காலை வெயில் ஏறிய பின் பத்து நிமிடம் நடந்தாலே போதும். நீரிழிவு உள்ளவர் சட்டைப் பையில் சிறிது சர்க்கரையோ குளுக்கோஸ் பொடியோ வைத்திருக்கட்டும். மாலையில் இருட்டுவதற்கு முன்பே குடிலுக்குத் திரும்பிவிடுங்கள்; ஊருக்குள்ளேயே காட்டுமாடுகள் நடமாடும் இடம் அது. காய்ச்சல் 100.4 டிகிரி பாரன்ஹீட்டை எட்டினாலும், நெஞ்சு வலித்தாலும், மூச்சு வாங்கினாலும் விடியட்டும் என்று காத்திராமல் உடனே 108ஐ அழையுங்கள்.

இறுதியாக, பராமரிப்பவரிடம் ஒரு சொல். சமையலறை உள்ள குடிலை எடுத்து மூன்று வேளையும் நீங்களே சமைத்தால், வீட்டு வேலை இடம் மாறியதே தவிர உங்களுக்கு ஓய்வு கிடைத்ததாகாது. உப்புக் குறைத்த உணவு செய்து தருவார்களா என்று விடுதியில் முன்னதாகவே கேட்டுவிடுங்கள். கூட இன்னொரு உறவினரையும் அழைத்துச் சென்று, ஓர் இரவேனும் விழித்திருக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படையுங்கள். இந்தப் பயணம் நோயாளிக்கு எவ்வளவு தேவையோ, உங்களுக்கும் அவ்வளவு தேவை. புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பு மருந்துப் பட்டியலோடும் பயணத் தேதிகளோடும் புறநோயாளர் பிரிவுக்கு வாருங்கள். எதை மாற்ற வேண்டும், எதை மாற்றத் தேவையில்லை என்பதை உங்களோடு அமர்ந்து முடிவு செய்கிறோம்.